மேல் பாதி யாருக்கு?

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை காலை. தாராவியில் உள்ள அத்தனை குக்கர்களும் விசிலடித்து ஓய்ந்த பிறகும் கனகவள்ளியின் தலைக்குள் ஒரு விசில் மட்டும் நிற்கவே இல்லை. அவள் மடியில் கிடந்த ஒற்றைத் தாள்தான் காரணம்.

பால்காரன் வருவதற்கு முன்பே அதைப் பார்க்க ஆரம்பித்தவள். நேராகப் பார்த்தாள். தலைகீழாகப் பார்த்தாள். ரூபாய் நோட்டைப் பிடிப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தச் சிரத்தையோடு வேறு எதையாவது படித்திருந்தால் இந்நேரம் கலெக்டராகிச் சிவப்பு விளக்குக் காரில் போயிருப்பாள். இது பேலன்ஸ் ஷீட். ஒரு எழுத்து நகரவில்லை.

போன வாரம் முறுக்குப் பாக்கெட் கிழிந்த சத்தம் இன்னும் உங்கள் காதில் இருக்கும். 'இசக்கியம்மன் ஸ்நாக்ஸ் பிரைவேட் லிமிடெட்'டின் மூத்தவர் வானமாமலை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பாக்கெட்டில் தன் படத்தை அச்சடித்துவிட்டார். மீசை மட்டுமே பாக்கெட்டில் பாதி. மாவு பிசைவதிலிருந்து எண்ணெய்ப் பதம் பார்ப்பது வரை எல்லாம் தம்பி சுயம்பு. "வேர்வை என்னுது, மீசை உம்முதா?" என்று அவன் ஆரம்பித்தது மாஹிம் கடலில் மீன்களைக் கலைத்தது. கலைந்த மீன்கள் திரும்பி வருவதற்குள் கம்பெனியைப் பிரித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் பங்கு பிரிக்க ஒரே முறைதான். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தோப்பானாலும் அதுதான், தோசைக்கல்லானாலும் அதுதான். மூத்தவன் ஒரு பக்கம் கனமாக வைத்தால் இளையவன் அதையே தூக்கிக்கொண்டு போய்விடுவான் அல்லவா? அதனால் இத்தனை தலைமுறையாக யாரும் யாரையும் ஏமாற்ற முடிந்ததில்லை.

வானமாமலை இரண்டு நாள் தாடையைச் சொறிந்தார். பிறகு பேலன்ஸ் ஷீட்டை எடுத்தார். மேலே ஒரு பாதி, அதன் அடியில் ஒரு கூட்டுத்தொகை. கீழே ஒரு பாதி, அதன் அடியில் ஒரு கூட்டுத்தொகை. இரண்டும் பைசா பிசகாமல் ஒன்று! அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதைவிடச் சரிபாதியை எந்தக் கோர்ட்டு வைக்கும்? நடுவில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நகல் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். சனிக்கிழமை சாயங்காலம் செம்பூர் வீட்டில் சுயம்பு தன் பாதியைச் சொல்ல வேண்டும். விளக்கு வைத்ததும் வெற்றிலை மாற்றிக்கொண்டால் முடிந்தது. இந்தக் குடும்பத்தில் வெற்றிலை மாற்றிய பேச்சை உச்ச நீதிமன்றமே வந்தாலும் மாற்ற முடியாது.

"ஏங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம மேல் பாதிதான் வேணும்னு நிக்கியளே, நியாயமா?"

சட்டையை மாட்டிக்கொண்டிருந்த சுயம்பு திரும்பினான். "தெரியாம என்னட்டி? இந்தா பாரு, ரிசர்வ்ஸ். முப்பத்தெட்டு லச்சம். ரிசர்வுன்னா என்ன? ஒதுக்கி வச்சது. அண்ணாச்சி எங்கயோ கமுக்கமா ஒதுக்கி வச்சிருக்காரு."

"எங்க?"

"அத மேல் பாதிய எடுத்த பொறவு கேப்பேன்."

"அதுக்குக் கீழயே பேங்க் லோன் இருக்கு. எண்ணெக்காரருக்குக் குடுக்க வேண்டியது இருக்கு."

"ரிசர்வ எடுத்து அடச்சிட்டுப் போறேன்."

"அப்ப கீழ் பாதி?"

"மெஷினு, கட அட்வான்சு, விக்காத முறுக்கு. நமத்துப்போன முறுக்க வச்சிக்கிட்டு நான் மாலையா கோக்க?"

கனகவள்ளி பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவன் கையைப் பார்த்தாள். மெஷின் போனால் இந்த மனிதன் கையை எங்கே வைத்துக்கொள்வான்? முறுக்கு பிழிவதைத் தவிர அந்தக் கைக்குத் தெரிந்தது கைதட்டுவது ஒன்றுதான். ஆனால் 'அது தப்பு' என்று சொல்ல அவளுக்கு வாயில் வார்த்தை இல்லை. பெயருக்கு அவளும் ஒரு டைரக்டர். ஆடிட்டர் பென்சிலால் புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவாள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோலமே வந்துவிடும்.

மகள் பொன்செல்வியை உலுக்கினாள். சயான் காலேஜில் பி.காம். முதல் வகுப்பில் முடித்த பெண்.

"அசெட்ஸ் ஈக்வல் டு லயபிலிட்டீஸ் ப்ளஸ் கேப்பிடல்," என்றாள் பொன்செல்வி, கண்ணைத் திறக்காமலே. "பஸ், பாத் கதம். அவ்ளோதான்."

"ஏன் ஈக்வலாகணும்?"

"அரே மம்மி, ஈக்வல் ஆகலேன்னா மார்க் போயிடும்."

"மார்க் போறது கெடக்கட்டும். ஏன் ஆகுது?"

"ஆகுற வரைக்கும் அழிச்சி அழிச்சிப் போடுவோம்! எக்ஸாம் முடிஞ்சிடுச்சு மம்மி, சோடோ நா, விடு."

கனகவள்ளி போர்வையை உருவினாள். "எந்திரி. மாட்டுங்காவுக்குப் போறோம்."

ஆடிட்டர் ராஜலக்ஷ்மியின் ஆபீஸ் மாட்டுங்காவில் கோயில் பூக்கடைகளுக்கு மேலே, மாடியில் இருந்தது. செப்டம்பர் மாதம். ஆடிட்டர்கள் மூச்சு விடுவதற்கே அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிற காலம். ஃபைல்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"வாங்கோ. கையெழுத்துப் போடணுமா?"

"இல்ல மேடம். இது என்னன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

மூக்குக்கண்ணாடி தாளைப் பார்த்தது. பிறகு கனகவள்ளியைப் பார்த்தது. "பேலன்ஸ் ஷீட்."

"பேரு தெரியும் மேடம். என்னதுன்னு..."

"மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்கு உங்க கம்பெனியை நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தா எப்படி இருக்கும்? அதான்."

"போட்டோன்னா மொகம் தெரியும். இதுல நம்பரால்லா தெரியுது?"

போன் அடித்தது. ராஜலக்ஷ்மி யாரையோ இங்கிலீஷில் பாட்டம் பாட்டமாகத் திட்டிவிட்டு வந்தார். "எங்கே விட்டேன்? ஆங். மேல சோர்ஸ் ஆஃப் ஃபண்ட்ஸ், கீழ அப்ளிகேஷன் ஆஃப் ஃபண்ட்ஸ். புரியறதா?"

"தமிழ்ல சொல்லுங்க மேடம்."

"தமிழ்லதானே சொல்றேன்!"

மறுபடி போன். இந்த முறை ஹிந்தித் திட்டு. கனகவள்ளியின் காது சூடேறிவிட்டது. மேலே ஒரு பால் சட்டியை வைத்தால் பொங்கியிருக்கும். பொன்செல்வி மூலையில் உட்கார்ந்து மொபைலில் யாரோ யாருக்கோ மேக்கப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல இருக்கறது, பணம் எங்கேர்ந்து வந்தது. கீழ இருக்கறது, பணம் எங்கே போய் உக்காந்திருக்கு. ரெண்டும் ஒரே பணம்மா. அவ்ளோதான்."

"அப்ப அந்த ரிசர்வ்..."

போன். குஜராத்தித் திட்டு.

ராஜலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத பாருங்கோ, போன வாரம்தான் உங்காத்துலேர்ந்து வந்து இதையே கேட்டுட்டுப் போனா. ஒவ்வொருத்தரா வராம எல்லாரும் சேர்ந்து வந்தா நான் ஒரே தடவையில சொல்லி முடிச்சுடுவேனே!"

கனகவள்ளிக்குச் சுருக்கென்றது. இவரும் வந்து கேட்டிருக்கிறார்! கேட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ரிசர்வ் ரிசர்வ் என்று காலையில் மீசை இல்லாத இடத்தை முறுக்கினார்! புருஷன் மேல் வந்த கோபத்தில் அவள் கடைசிச் சீட்டையும் இறக்கிவிட்டாள். "மேடம், இத அண்ணனும் தம்பியும் மேல் பாதி, கீழ் பாதின்னு ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கப் போறாவ."

ராஜலக்ஷ்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். ஃபைல்கள் ஆடின. "நன்னா ஜோக் அடிக்கறேளே!" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

படியிறங்கும்போது கனகவள்ளிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிகிறது, எதனால் ஆபத்து என்றுதான் தெரியவில்லை. பூக்காரி கூடையை நீட்டி "கஜ்ரா, பாபி?" என்றாள். கனகவள்ளி பார்த்த பார்வையில் மல்லிகை மொட்டெல்லாம் மறுபடி மூடிக்கொண்டன.

மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் வந்தது. லேடீஸ் டப்பாவில் ஏறினார்கள் என்று சொல்லக் கூடாது. கூட்டம் அவர்களை எடுத்து உள்ளே வைத்தது. கனகவள்ளியின் கைப்பை ஒருத்தியின் இடுப்புக்கும் இன்னொருத்தியின் டிபன் பாக்ஸுக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டது.

மூன்று பேர் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரும் நாலாவது சீட்டுக்கு அங்கே ஒரு பானிபட் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

"நான் பைகுலாவிலேர்ந்து நிக்கேன்!" என்று மராத்தியில் கத்தினாள் மீன்கூடைக்காரி.

"நான் தாதர்ல ஏறினேன், அதுக்காகச் சீட்ட எழுதித் தரணுமா?" என்று ஹிந்தியில் கத்தினாள் உட்கார்ந்திருந்தவள்.

"பைகுலாவாம், தாதராம்," என்று முணுமுணுத்தாள் கனகவள்ளி. "எங்க ஏறுனா என்னடி, இப்ப எங்க இருக்கேங்கதுதான..."

நிறுத்தினாள்.

டப்பாவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எங்கே ஏறினார்கள் என்று ஒரு கணக்கு எடுக்கலாம். பைகுலாவில் இத்தனை பேர், தாதரில் இத்தனை பேர், மாட்டுங்காவில் இத்தனை பேர். எங்கே இருக்கிறார்கள் என்றும் எடுக்கலாம். சீட்டில் இத்தனை, நடையில் இத்தனை, வாசலில் தொங்குவது இத்தனை. இரண்டையும் கூட்டினால்?

"ஏட்டி பொன்னு! ரெண்டும் ஒண்ணாத்தான்டி வரும்!"

"க்யா ரெண்டும்?"

"ஏறுன கணக்கும் இருக்க கணக்கும்! ஏன்னா ரெண்டும் இதே பொம்பளையள்தான்! புதுசா ஆரு வந்தா?" கனகவள்ளி கைப்பையை உருவ முடியாமல் பல்லால் ஜிப்பைத் திறந்து தாளை இழுத்தாள். "இந்தா, மேல. நாம போட்ட மொதலு ஒரு ஸ்டேஷன். பேங்கு ஒரு ஸ்டேஷன். எண்ணெக்காரர் ஒரு ஸ்டேஷன். கீழ... மெஷினு ஒரு சீட்டு, அட்வான்சு ஒரு சீட்டு, விக்காத முறுக்கு வாசல்ல தொங்குது!"

பொன்செல்வி மொபைலிலிருந்து முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. "அப்போ அதான் எப்பவும் டேலி ஆகுதா? மூணு வருஷம் படிச்சேன் மம்மி, யாருமே சொல்லல."

"இந்த ரிசர்வு என்னது? அதச் சொல்லு மொதல்ல."

"அது... லாபம் வந்து ஓனர் எடுத்துக்காம கம்பெனியிலயே விட்டது. மேல இருக்கு, ஸோ..."

"ஸோ அதுவும் ஸ்டேஷன்தான். ஒங்கப்பா ஸ்டேஷனத் தூக்கி மடியில வச்சிக்கிடலாம்னு பாக்காரு. அந்தப் பணம் எப்பவோ எறங்கிப் போயி மெஷின்ல உக்காந்தாச்சு!" கனகவள்ளியின் குரலில் குர்லா வரைக்கும் மூன்று டப்பா அமைதியாகிவிட்டது. "மேல் பாதிய எடுத்தா ரிசர்வுல கால் காசு வராது. லோனும் எண்ணெப் பாக்கியும்தான் மிஞ்சும். போன் போடு அப்பாவுக்கு!"

போட்டாள். சுவிட்ச் ஆஃப். நல்ல காரியம் பேசும்போது போனை அணைத்துவைக்கிற ஒரே மனிதன் பம்பாயில் சுயம்புதான்.

குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் ஆட்டோ கிடைக்காமல் ஓடி, இருட்டத் தொடங்கும் நேரத்தில் வானமாமலை வீட்டுப் படியேறினார்கள். கதவைத் திறந்தவர் அவர் மனைவி, மதினி முத்துமாரி. முத்துமாரி பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வீட்டு மிக்சி அவரை விட வாயாடி. "உள்ள வா, கனகா," என்றார். ஒரு மாதத்துக்கான பேச்சு அது.

கூடத்தில் தாள் ஏற்கெனவே கத்திரிக்கோலால் இரண்டாகியிருந்தது. மேல் பாதி சுயம்புவின் சட்டைப்பையில், புதுமாப்பிள்ளை கைக்குட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதியை வானமாமலை விரல் நுனியால், பஸ்ஸில் கிடந்த செருப்பைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். அவர் முகம் தொங்கியிருந்தது. மீசை அதைவிடத் தொங்கியிருந்தது. நடுவில் வெற்றிலைத் தட்டு. குத்துவிளக்கில் திரி போட்டாகிவிட்டது, ஏற்றவில்லை.

"சொல்லிட்டேன் கனகா!" என்றான் சுயம்பு. "மேல் பாதி நமக்கு!"

"ரிசர்வ அடிச்சிட்டான்ல எந்தம்பி," என்று பெருமூச்சு விட்டார் வானமாமலை. "நானும் அதத்தான் நெனச்சிருந்தேன். எனக்கு வாய்க்கல."

கனகவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியாது! பங்கு வைத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. காலையிலிருந்து சேர்த்துவைத்த கோபத்தை எந்தப் பக்கம் கொட்டுவது?

இரண்டு பக்கமும் கொட்டினாள். பைகுலாவில் ஆரம்பித்துக் குர்லாவில் முடித்தாள். மீன்கூடைக்காரியை நடித்தே காட்டினாள். "அத்தான், நீங்க பங்கு வைக்கல. ஒரே சொத்தத்தான் ரெண்டு தடவ எழுதியிருக்கு, அத நடுவால வெட்டிட்டிய! ஏறுன ஸ்டேஷனெல்லாம் தம்பிக்கு, உக்காந்த ஆளெல்லாம் உங்களுக்கு. இது பங்கா?"

வானமாமலை கையிலிருந்த பாதியைக் குனிந்து பார்த்தார்.

சுயம்பு பையிலிருந்து மேல் பாதியை எடுத்தான். விரித்தான். "அப்ப ரிசர்வு... பொட்டில இல்லயா?"

"நீங்க தெனமும் முறுக்கு பிழியுத மெஷின்ல இருக்கு!"

"ஆடிட்டர் கையெழுத்தாவது இருக்கா இதுல?"

"அது அடியில இருக்கும். அதுவும் அத்தான் பாதியில போயிட்டு."

வானமாமலை கீழ்ப் பாதியை இப்போது விரல் நுனியில் பிடிக்கவில்லை. உள்ளங்கையில், நெஞ்சோடு வைத்திருந்தார். மீசை மெல்ல நிமிர்ந்தது.

"அண்ணாச்சி, கீழ் பாதியத் தாரும். மாத்திக்கிடுவோம்."

"எதுக்குல? நீதான எடுத்த? முப்பத்தெட்டு லச்சம்னு தொடையத் தட்டுன?"

"தெரியாம தட்டுனேன்!"

"நானுந்தான் தெரியாம வச்சேன்!"

"ஏங்க," என்றாள் கனகவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு, "போன வாரமே ஆடிட்டரம்மாகிட்டப் போயிக் கேட்டியளே, அப்பவாவது புரியலயா உங்களுக்கு?"

சுயம்பு விழித்தான். "நானா? மாட்டுங்காவுக்கா? நான் எதுக்கு அங்க போறேன்?"

அந்த நேரத்தில் பொன்செல்வியின் மொபைல் அடித்தது. முறுக்குப் பட்டறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஹமீது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுயம்பு பாய்க்கு போனே போகல பேட்டி, மகளே! இங்க டெம்போ வந்து நிக்கிது. நாலு ஆளுங்க மெஷினைக் கழட்டுறாங்க. வீட்ல சொல்லித்தான் வந்தோம்னு சொல்றாங்க. ஏத்த விடவா, வேணாமா?"

"அண்ணாச்சி!" சுயம்பு எழுந்தான்.

"சத்தியமா நான் அனுப்பலல!" வானமாமலையின் குரல் உடைந்தது. "எனக்கே இப்பத்தானல தெரியும் மெஷின் என் பாதின்னு!"

சமையலறை வாசலில் ஒரு தம்ளர் சத்தம். முத்துமாரி காப்பித் தட்டோடு நின்றார்.

"நாந்தான் அனுப்புனேன்," என்றார்.

மிக்சி பேசியிருந்தால்கூட யாரும் அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள்.

"கொழுந்தன் மேல் பாதின்னு சொன்னதும் போன் போட்டு அனுப்பிட்டேன். அவிய ரிசர்வுன்னு விழுவாவன்னு எனக்குத் தெரியும்." ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தம்ளராக வைத்துக்கொண்டே வந்தார். கனகவள்ளியின் முன்னால் வரும்போது கொஞ்சம் நின்றார். "அது மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி எடுத்த போட்டோ, கனகா. மேல பணம் எங்கேருந்து வந்துது, கீழ எங்க போயி உக்காந்திருக்கு. ஒனக்கு ரயில்ல தெரிஞ்சிருக்கு. எனக்கு ரயிலெல்லாம் வேண்டியிருக்கல."

கனகவள்ளிக்கு மாட்டுங்கா மாடியின் அத்தனை ஃபைல்களும் தலையில் சரிந்தன. உங்காத்துலேர்ந்து வந்து கேட்டுட்டுப் போனா! போனது புருஷன் இல்லை, மதினி! அத்தானுக்குக் கத்திரிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்ததே இந்த மதினியாகத்தான் இருக்க வேண்டும்.

"முத்து, இது நாயமா?" என்றார் வானமாமலை. கேட்டாரே தவிரக் கீழ்ப் பாதியை விடவில்லை.

"மூத்தவிய வச்சாவ, இளையவிய எடுத்தாவ. இதுல நான் என்ன செஞ்சேன்? மொறப்படிதான் எல்லாம் நடந்திருக்கு." முத்துமாரி தீப்பெட்டியை எடுத்து விளக்கின் முன் உட்கார்ந்தார். குச்சியைக் கிழித்தார். திரி பிடித்தது. "வெளக்கும் வச்சாச்சு. வெத்தலைய மாத்துங்க, முடிச்சிருவோம்."

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

தட்டில் ஒரு சுண்ணாம்பு டப்பா மட்டும் இருந்தது.

கனகவள்ளியின் இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. தட்டிலிருந்த ஒரு கவுளி வெற்றிலை, அத்தனை பாக்கு, எல்லாம் வாய்க்குள். மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனாலும் மதினியின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் அரைத்துக்கொண்டே இருந்தாள்.

பொன்செல்வியின் கையில் மொபைல் இன்னும் அணையவில்லை. "பேட்டி? ஏத்த விடவா, வேணாமா?" என்று ஹமீது கத்திக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய டைரக்டருக்கு வாய் திறக்க வழியில்லை. ஹமீதின் குரலுக்குப் பின்னால், டெம்போ உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.